சராசரியின் இடது பக்கம்

இந்த நாட்டில் தலைக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு இறைச்சி, மீன், பால், முட்டை கிடைக்கிறதோ, மிகச் சரியாக அவ்வளவு மட்டுமே சாப்பிட முடிந்த மனிதர் ஒருவர் மார்க்கெட் தெரு மெஸ்ஸின் மாடி அறைக்குக் குடிவந்தார். அந்த வாரம் முட்டை விலை கொஞ்சம் ஏறியிருந்தது, மீன் விலை இறங்கியிருந்தது. மற்றபடி சொல்லும்படியாக ஒன்றும் நடக்கவில்லை. ஆள் நடுத்தர உயரம், நடுத்தர நிறம். யாருக்கும் எங்கோ பார்த்த மாதிரியே இருக்கும் முகம். மெஸ் நடத்தியவளுக்கு நாற்பது வயது. கட்டியவன் கப்பல் வேலைக்குப் போன இடத்தில் இன்னொருத்தியோடு குடும்பமாகிவிட்டான். அதை அவள் ஒரு மாதிரி செரித்துக்கொண்டாள். ஆனால் தன் சமையலை ஒருவர் மீதம் வைப்பதை மட்டும் அவளால் செரித்துக்கொள்ள முடியாது. வந்தவரோ அவித்த முட்டையில் பாதிக்குச் சற்று மேல், மீனில் ஒரு கிள்ளு, இறைச்சியில் ஒரு துண்டு, பாலில் முக்கால் டம்ளர் என்று அளந்தாற்போல எடுத்துக்கொண்டு எழுந்தார். அவளுக்குச் சுருக்கென்று தைத்தது.

"என்னங்க, முட்டையப் பாதியில வச்சிட்டு எழுந்திரிக்கிறீங்க? என் கைப்பக்குவம் அவ்வளவு மோசமாவா இருக்கு?"

"ஐயோ, அருமையா இருக்குங்க. இதுக்கு மேல எறங்காது, அவ்வளவுதான். சின்ன வயசுலேருந்தே இப்படித்தான்."

அவள் விடுகிற ஆளா! மறுநாள் பக்கத்திலேயே நின்று, மீதிப் பாலைக் குடித்தே ஆகவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். அவரும் பாவம், மரியாதைக்கு வாயில் ஊற்றிக்கொண்டார். அளவுக்கு மேற்பட்ட பால் உதட்டோரம் வந்து நின்றது. பிறகு ஒரு சொட்டும் சிந்தாமல், காற்றில் நூல் போல எழும்பி டம்ளருக்குள் திரும்பிப் போயிற்று. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். உணவு வழங்கல் ஆபீஸில் டைப் அடிக்கும் குமாஸ்தாவும் பார்த்தார். அவர் வாயிலிருந்ததை விழுங்கவும் மறந்து, "நேத்து சாயங்காலம் நான் அடிச்ச தலைக்கணக்கும் இவர் தட்டும் ஒண்ணா இருக்கேம்மா!" என்றார்.

அதற்குப் பிறகு ஆபீஸ்காரர்களைக் கேட்கவேண்டுமா? நாடு முழுக்க மாட்டையும் கோழியையும் எண்ணி, துறைமுகம் துறைமுகமாக மீன்கூடையை நிறுத்துப் பார்ப்பதைவிட, இந்த ஒரு மனிதரை நிறுத்துப் பார்ப்பது எவ்வளவோ சுலபம். தினமும் காலையில் இரண்டு பேர் தராசோடு வந்தார்கள். சாப்பிட்ட தட்டை நிறுத்தார்கள், ஆளை நிறுத்தார்கள், நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள். தெரு அவருக்குச் 'சராசரி' என்று பெயர் வைத்தது. அவரும் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்த்தார். தீவனம் நன்றாக விளைந்த ஆண்டுகளில் சட்டை பிடித்தது; புயலில் படகுகள் கரையிலேயே கிடந்த மாதங்களில் இடுப்பில் பெல்ட்டுக்குப் புதுத் துளை போட்டுக்கொண்டார். இதற்கிடையில் மாடி அறை காலியானது. ஏனென்றால் அவர் கீழே மெஸ்காரியின் அறைக்கே வந்துவிட்டார். ஊர் வாய் சும்மா இருக்குமா, இருக்கவில்லை. "பேசட்டும். மீதி வைக்கிற ஆம்பளைய வச்சுக் காலந்தள்றது என் தலையெழுத்து, அவங்களுக்கென்ன?" என்று அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். அவளுக்கு அவர் மேல் அப்படி ஒரு ஆசை.

பிறகுதான் அந்தக் கெட்ட வருடம் வந்தது. மாடுகளுக்கு வாய்நோய், கோழிப் பண்ணைகளில் காய்ச்சல், கடலில் மீன்கள் எங்கோ ஒதுங்கிப் போயின. சராசரி நாளுக்கு நாள் வற்றினார். கடைசியில், நாற்காலியில் காயப்போட்டது போலக் கிடந்த சட்டைக்குள் ஆள் இருக்கிறாரா என்று தொட்டுப் பார்க்கவேண்டியிருந்தது. அரசாங்கம் கப்பல் கப்பலாக இறைச்சியை வரவழைத்தது, பால் பவுடர் வந்தது, பெரிய பெரிய பண்ணைகள் எழும்பின. சராசரிக்கு மறுபடி சதை பிடித்தது. தெருவே கைதட்டியது. ஆனால் குளித்துவிட்டு வந்தவருக்கு முதுகு துடைத்துவிட்ட மெஸ்காரிக்கு உயிரே போய்விட்டது. வலது தோள் உருண்டு திரண்டிருந்தது. இடது தோளில் எலும்பை எண்ணலாம். ஒரு கன்னம் பன் போல உப்பியிருக்க, மறு கன்னம் குழிந்து கிடந்தது. இடது கையை அவரால் தூக்கவே முடியவில்லை. அது ஐஸ் பெட்டியில் வைத்தது போல் சில்லென்றிருந்தது.

தராசோடு வந்த ஆபீஸரை அவள் வாசலிலேயே மடக்கினாள்.

"எடை சரியாத்தானேம்மா இருக்கு? போன வருஷத்தவிட ஒரு கிலோ கூடவே இருக்கு."

"எடை சரிதான் சார். ஆளு சரியில்லையே! கண்ணத் திறந்து பாருங்க. ஒரு பக்கம் தின்னு கொழுக்குது, ஒரு பக்கம் பட்டினி கெடக்குது. இதயம் எந்தப் பக்கம் சார் இருக்கு?"

ஆபீஸர் பொல்லாதவர் இல்லை. ஆனால் அவர் கொண்டுவந்த தராசுக்கு ஒரு தட்டுதான் இருந்தது. டாக்டர் வந்து இடது மார்பில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார். உள்ளே யாரோ நடக்கமாட்டாமல் நடப்பது மாதிரி கேட்கிறது, நல்லா சாப்பிடச் சொல்லுங்கள் என்றார். சாப்பிடச் சொல்லுவதாம்! ஊட்டியதெல்லாம் நூலாகித் தட்டுக்குத் திரும்புகிறது. அவள் அடுப்படியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

மெஸ் வாசலில் தெரு கூட்டுகிறவள் அழுகைச் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தாள். "என்னக்கா ஆச்சு?" என்றாள். அழுதுகொண்டே பேச முடியாமல், அன்றைக்கு வீணாக நின்ற டம்ளர் பாலை மெஸ்காரி அவள் கையில் கொடுத்துவிட்டாள். பால் குடித்து எத்தனை நாளாயிற்றோ, அவள் கண்ணை மூடிக்கொண்டு மெதுவாகக் குடித்தாள். பெஞ்சில் சாய்ந்திருந்த சராசரி திடுக்கிட்டு நிமிர்ந்தார். "சுண்டு விரல்ல என்னமோ ஊறுதே," என்றார். வெளுத்துக் கிடந்த இடது கைச் சுண்டு விரல் நகம் மெல்ல மெல்லச் சிவந்துகொண்டிருந்தது. மெஸ்காரி அந்த விரலைப் பிடித்துப் பார்த்தாள். சூடாக இருந்தது. அவளுக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது.

எதிர்க்கடை இறைச்சிக்காரர் எதையும் லேசில் நம்புகிற ஆள் இல்லை. இல்லாதவர் வயிற்றுக்குப் போவதா இவர் உடம்பில் தெரிகிறது, சோதித்துப் பார்ப்போம் என்று தனக்கு எடுத்துவைத்திருந்த நல்ல துண்டையே வறுத்து, மூட்டை தூக்குகிறவர் ஒருவரைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். மூட்டைக்காரர் கூச்சப்பட்டுக்கொண்டே மென்றார். கூடியிருந்தவர்கள் அவரைப் பார்க்கவில்லை, சராசரியைப் பார்த்தார்கள். எல்லோர் கண்ணெதிரிலும், அவருடைய நரைத்த இடது புருவத்தில் ஒரே ஒரு முடி வேரிலிருந்து நுனிவரை கறுத்தது. மீன்காரி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். இறைச்சிக்காரர், இருபது வருடமாக யார் முன்னாலும் கண் கலங்காத மனிதர், வெட்டுக்கத்தியைக் கீழே வைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அதன்பின் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஒரு தெருவின் பாலும் மீனும் நாட்டின் கணக்கில் எம்மாத்திரம்? ஒரு தெரு முழுக்கக் கொடுத்தால் ஒரு விரல் கணு தேறும், அவ்வளவுதான். ஆனால் பார்க்க வந்தவர்கள் தங்கள் ஊருக்குப் போய் அதையே செய்தார்கள். ரயிலில் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். வந்தவர்கள் அவரை வணங்கவில்லை, இடது கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, நம்ம ஊரில் இதெல்லாம் கிடைக்காதவன் எவன் என்று கேட்டுக்கொண்டு திரும்பினார்கள். எந்த ஊரில் பால் வண்டி மலையேறிப் போனது, எந்தப் பள்ளிக்கூடத்தில் முட்டை வந்தது என்பதெல்லாம் அந்தந்த வாரமே அவர் முழங்கையிலும் விலாவிலும் தெரிந்தது. உணவு வழங்கல் ஆபீஸும் இரண்டு தட்டுள்ள தராசு ஒன்றைச் செய்வித்தது. வலது கன்னம் லேசாக வற்றியது. அதற்காக யாரும் அழவில்லை. சில மாதங்களில் இடது பக்கம் தேறிய சதை மறுபடி வற்றும், அப்போது மெஸ்காரி வாய்க்கு வந்தபடி அமைச்சர்களைத் திட்டுவாள். காலையில் எழுந்ததும் அவர் மார்பில் காதை வைத்துக் கேட்டுவிட்டுத்தான் அடுப்பு மூட்டினாள். உள்ளே நடக்கிறவர் தடுமாறித் தடுமாறி, ஆனால் நடந்துகொண்டேதான் இருந்தார்.

மூன்றாம் வருடம், விலையில் ஏற்ற இறக்கம் ஏதும் இல்லாத ஒரு சாதாரணக் காலையில், அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். சராசரி பின்னால் வந்து நின்றார். அவள் இடுப்பைச் சுற்றி ஒரு கை வந்தது. கனமாக, கதகதப்பாக, விரல்கள் ஐந்தும் அழுத்தமாக. அவள் குனிந்து பார்த்தாள். இடது கை.

கத்தி அப்படியே நின்றது. கண்ணில் நீர் வழிந்தது. வெங்காயத்தின் மேல் பழி போட அவள் முயலவில்லை. அந்தக் கையின் மேல் தன் ஈரக் கையை வைத்து, அதன் எடையை ஒரு நிமிடம் அப்படியே தாங்கிக்கொண்டு நின்றாள்.

"இன்னைக்கு எங்கெங்கேயோ நிறைய பேர் சாப்பிட்டிருக்காங்கங்க," என்றாள். பிறகு அடுத்த வெங்காயத்தை எடுத்தாள்.