பாலத்தை விட்டு ஓடியவன்

ராயபுரத்தில் கோயில் திருவிழா. பொழுது சாயும் நேரத்தில் ஜெயவேல் வந்து முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்தான். வியாசர்பாடியிலிருந்து ஆட்டோவில் வந்ததற்கே மூச்சு வாங்கியது. அம்மோனியா தின்ற நெஞ்சு அது.

நான்கு மாதத்துக்கு முன்னால், எண்ணூர்ப் பக்கம் ஒரு மீன் கிடங்கின் குளிர் அறையில் அடுக்கியிருந்த பெட்டிகள் சரிந்து அவன் காலை அமுக்கிவிட்டன. கூட வேலை பார்த்த ஆன்றோ பெட்டியைத் தூக்கிக்கொண்டிருந்தபோதுதான் எங்கோ அம்மோனியாக் குழாய் வெடித்து, கண்ணைக் குத்தும் நெடி வந்தது. அப்புறம் நடந்ததை ஊரே அறியும். ஆன்றோ நனைத்த துண்டை முகத்தில் கட்டிக்கொண்டு உள்ளே பாய்ந்தான். நண்பனைத் தோளில் போட்டு வெளியே கொண்டுவந்தான். பேப்பரில் படம் வந்தது. தெருமுனையில் ஃப்ளெக்ஸ் வைத்தார்கள்.

ஊர் அறியாதது ஒன்று இருந்தது. நெடி வந்த அந்த நொடியில் ஆன்றோ, தூக்கிய பெட்டியை ஜெயவேலின் கால்மேலேயே போட்டுவிட்டு ஓடினான். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஜெயவேல் இதை மனைவி தாயம்மாவிடம்கூடச் சொன்னதில்லை. ஆன்றோ ஆஸ்பத்திரிக்கு வந்தபோதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு தூங்குவதுபோல் கிடப்பான்.

அன்று மேடையேறியது பாலம் காத்த அல்பினார் நாடகம். எந்தக் காலத்திலோ கடல் தாண்டி வந்த சீமை ராசாக்கள் கதை. தியோதர் ராசாவின் மகன் அடிபட்டுக் கிடக்க, படைத்தலைவர் அல்பினார் தன்னந்தனியாகப் பாலத்தில் நின்று பகைவரைத் தடுத்து அவனை மீட்டு வருவார். இந்த வருடம் அல்பினார் ஆன்றோதான் என்று கமிட்டி ஒரே பேச்சாக முடிவு செய்திருந்தது. ராசா வேஷம், முப்பது வருடமாக அதைக் கட்டிவரும் மளிகை மொத்த வியாபாரி ராசையாவுக்கு.

தகரக் கவசம் மின்ன ஆன்றோ வந்ததும் விசில் பறந்தது. ஜெயவேல் கையைக் கட்டிக்கொண்டு விறைப்பாக இருந்தான். சண்டை முடிந்தது. ராசா சிங்காசனத்திலிருந்து கேட்டார்.

"மாவீரரே, உமக்கு என்ன பரிசு வேண்டும்?"

'உமது அன்பே போதும்' என்பது வசனம். ஆன்றோ அதைச் சொல்லவில்லை. மண்டியிட்டு, தலைக்கவசத்தைக் கழற்றித் தரையில் வைத்தான். முகமெல்லாம் வேர்வை.

"பரிசு வேண்டாம் அரசே. நான் பாலத்தை விட்டு ஓடினேன்."

ஆர்மோனியம் நின்றது. திரைக்குப் பின்னாலிருந்து யாரோ பதறிப்போய் வசனத்தை எடுத்துக்கொடுத்தார்கள். ராசையா ஒரு கணம் திகைத்தார். பிறகு ராசாவின் குரலிலேயே கேட்டார்.

"என் மகன் அங்கே கிடக்கும்போதா ஓடினீர்?"

"அவன் கால்மேலயே பாரத்தைப் போட்டுட்டு ஓடினேன். கேட்டைத் தாண்டி, லாரி நிக்கிற எடம் வரிக்கும் ஓடினேன்."

கேட், லாரி என்று காதில் விழுந்ததும் கூட்டத்துக்கு விளங்கிவிட்டது.

"பிறகு உம்மைத் திருப்பி அழைத்தது யார்?"

"யாரும் கூப்புடல. கால் தானா நின்னுச்சு. பயம் போவல அரசே, அப்டியேதான் இருந்துச்சு. பயந்துகினேதான் திரும்பிப் போனேன்."

அந்த நெடியை ஜெயவேல் அறிவான். தொண்டைக்குள் நெருப்பு இறங்குவதுபோல் இருக்கும். அறியாதவன் அதற்குள் போய்விடலாம். இவன் அறிந்து, அஞ்சி ஓடி, நல்ல காற்று வீசும் இடத்தில் தப்பித்து நின்றவன். அங்கிருந்து, ஒருவரும் கூப்பிடாமல், மறுபடியும் அதற்குள்ளேயே வந்திருக்கிறான். ஓடியவனை மட்டுமே நினைத்து நான்கு மாதம் வெந்த மனசு, வந்தவனை இன்றுதான் பார்த்தது.

ஜெயவேல் எழுந்து மேடையோரம் போனான்.

"எனக்குத் தெரியும் மாமு. நீ ஓடுனத பாத்துகினுதான கெடந்தேன்."

ஆன்றோ மண்டியிட்டபடியே திரும்பினான். "தெரியுமா? அப்புறம் ஏன்டா கம்முனு இருந்த?"

"கோவம்தான், இன்னா பண்றது? உன் மூஞ்சியப் பாக்கவே புடிக்கல." ஜெயவேல் நின்று மூச்சு வாங்கினான். "ஆனா நீ எப்டிடா திரும்பி வந்த? என்னால முடிஞ்சிருக்காது. சத்தியமா முடிஞ்சிருக்காதுடா."

ஆன்றோ கவசத்தோடு குனிந்து ஜெயவேலின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

ராசையா சிங்காசனத்தை விட்டு இறங்கி வந்து, இருவருக்கும் அருகில் மேடைப் பலகையிலேயே உட்கார்ந்தார். யாரும் கைதட்டவில்லை. ஆர்மோனியக்காரர் மெல்ல மங்களம் பாடத் தொடங்கினார். வழக்கமாக மங்களம் பாடும்போது சனம் செருப்பைத் தேடிக்கொண்டு கலையும். அன்று ஒவ்வொருவராக எழுந்து, பாட்டு முடியும்வரை நின்றார்கள்.