இரட்டைத் துளை

பாகான் டாலாம் அடுக்குமாடியில் குடியிருக்கும் கோகிலனின் முதுகில் நுழைந்து நெஞ்சில் வெளியேறும் துளையின் அகலம் ஏழரை சென்டிமீட்டர். அதிலிருந்து உருவி எடுத்த கல் ஐந்து சென்டிமீட்டருக்கும் குறைவு. இரண்டுக்கும் இடையில் இருந்ததைத் துளைக்கும் குழாயின் வைர முனை அரைத்துவிட்டது. அது சேறாக வழிந்து பகாங் காட்டு ஓடை ஒன்றில் கலந்தது, யாரும் அதைக் கணக்கில் எடுக்கவில்லை. கோகிலன் தங்கம் தேடும் கம்பெனியில் துளைக்கும் இயந்திரத்துக்குக் குழாய் மாட்டுகிற வேலை பார்த்தான். அன்று மதியம் மலையின் மறுபக்கச் சரிவில், பாறையில் சாய்ந்து உட்கார்ந்து நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தான். மேலே இயந்திரம் சாய்வாகத் துளைத்துக்கொண்டிருந்தது. ஆழம் கூடக் கூடக் குழாய் கொஞ்சம் வளையும், எல்லாத் துளைக்கும் அது உண்டு. இது அதிகமாகவே வளைந்து, பாறையைக் கடந்து, கோகிலனையும் கடந்து வெளியே வந்தது. வலிக்கவில்லை, குளிர்ந்தது என்றுதான் அவன் பிறகு சொன்னான். அப்போது மேலே பார்த்துக் கத்தியது வேறு: “டேய், உள்ள ஆள் இருக்குலா! கதவத் தட்டிட்டு வாங்கடா!”

குழாயை இழுத்தபோது கடைசியில் வந்தது சதையல்ல, கல். ஒரு சாண் நீளம், சாம்பல் நிறம், நடுவில் வெள்ளைக் கோடு, தொட்டால் சூடு. மண்ணியல் படித்த ஹஸ்ருல் அதைத் தண்ணீரில் நனைத்து, லென்ஸ் வைத்துப் பார்த்து, என்ன பெயர் சொல்வதென்று தெரியாமல் மற்றக் கற்களுக்குப் பக்கத்தில் தட்டில் அடுக்கிவிட்டான். குழாய்க்குள் வருவதெல்லாம் கம்பெனிச் சொத்து, ஒப்பந்தம் அப்படி. ஹஸ்ருல் நல்ல பையன்தான். கோகிலனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனவனும் அவனே. டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். பஸ்ஸில் ஒருவருக்கு இடம் விடுவதுபோல இருதயம் கொஞ்சம் ஒதுங்கி உட்கார்ந்திருப்பதாகச் சொன்னார், இரண்டு வாரம் எம்சி எழுதி விடுப்புக் கொடுத்தார், குளிக்கும்போது தண்ணீர் போகாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார். வீட்டில் அம்மா நல்லம்மாள் அவன் சட்டைகளுக்கு உள்பக்கம் ஒட்டுத்துணி தைத்தாள். ஃபெர்ரியில் நின்றால் நெஞ்சு விசிலடித்தது. அடுக்குமாடிப் பிள்ளைகள் வரிசையில் நின்று கையை விட்டுப் பார்த்தார்கள். “ஏர்கோன் வச்ச உடம்புலா இது, பில்லே கட்ட வேணாம்” என்று அவனே எல்லோரையும் சிரிக்க வைத்தான். சிரிப்புதான் அவன் சொத்து. அப்பா செத்த வீட்டில்கூட அவன் சொன்ன ஒரு வார்த்தைக்கு நல்லம்மாள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

அவன் தங்கை ரமணி அந்தக் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள். அவள் படிக்க வேண்டுமென்று மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்டு நின்றவன் கோகிலன். எல்லோரும் இதைத் தியாகம் என்று சொல்லிக் கண் கலங்குவார்கள்; ரமணிக்கு அந்த வார்த்தையைக் கேட்டாலே எரியும், ஏனென்றால் அந்தத் தியாகத்தைப் பாராட்டியவர்களில் ஒருவரும் அவனைத் திரும்பப் பள்ளிக்கு அனுப்பவில்லை. வேதியியல் படித்த அவளுக்கு சிம்பாங் அம்பாட்டில் உலோகச் சோதனைக் கூடத்தில் வேலை கிடைத்தது. காடுகளில் எடுக்கும் கல் உருளைகளைக் கம்பெனிகளே நீளவாக்கில் இரண்டாக அறுக்கும். ஒரு பாதி கூடத்துக்கு வரும், அதை உடைத்து, மாவாக்கி, ஈயத்தோடு உலையில் உருக்கி, எவ்வளவு தங்கம் என்று பார்ப்பார்கள். மறுபாதி கம்பெனியின் தட்டிலேயே இருக்கும். யாரும் பாரபட்சம் பார்க்கக்கூடாது என்பதால் பெயர், ஊர் எதுவும் இருக்காது, எண் மட்டும். அப்படி எண்ணோடு வந்த ஒரு பாதியை ரமணி ஒரு மதியம் உடைக்கும் இயந்திரத்தில் போட்டாள். கல் சூடாக இருந்தது. வெயிலில் கிடந்திருக்கும் என்று நினைத்தாள். மாவு அரைபட்டு முடிவதற்குள் நல்லம்மாள் போன் செய்தாள். “ஏண்டி, உங்கண்ணன் சிரிக்க மாட்றான்டி. டிவில அவனுக்குப் புடிச்ச ஆளு காமெடி பண்றான், இவன் நியூஸ் பாக்குற மாதிரி பாக்குறான்.”

முடிவு வந்தது. டன்னுக்கு ஆறு கிராம் தங்கம், கூடவே கொஞ்சம் செம்பும் துத்தநாகமும். கம்பெனி அதை அறிவித்தது, பங்கு விலை ஏறியது. சூலியா தெருவுக்குப் பின்னால் பழைய கடைவீட்டைப் புதுப்பித்து வைத்திருந்த அதன் ஆபீஸில் கேக் வெட்டினார்கள். அந்த எண் எந்தத் துளையுடையது என்று அறிவிப்பைப் படித்துத்தான் ரமணிக்குத் தெரிந்தது. அண்ணனின் சிரிப்பைத் தன் கையால் அரைத்திருக்கிறாள், அதற்குச் சம்பளமும் வாங்கியிருக்கிறாள். மறுநாளே அம்மாவோடு ஃபெர்ரி ஏறிப் போய் மேனேஜர் குகன் முன்னால் உட்கார்ந்து, மீதிப் பாதியைக் கொடுங்கள் என்று கேட்டாள்.

குகன் தேத்தண்ணி வரவழைத்தார். மரியாதையான மனிதர். “தங்கச்சி, நீங்க படிச்சவங்க. மிச்சத்துல இருக்குற தங்கத்த எப்படிப் பிரிக்கலாம்னு அடுத்து பாக்கணும். அது இல்லாம ஒருத்தனும் நம்ப மாட்டான்.”

“அது எம்புள்ளைங்க ஐயா” என்றாள் நல்லம்மாள்.

“புள்ள உங்ககிட்டதானேம்மா இருக்கான். கல்லுதான் எங்ககிட்ட.”

ரமணி அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஃபெர்ரிக்குத் திரும்பினாள். அடுத்த சோதனை எதுவென்று அவளுக்குத் தெரியும். கல்லை மாவாக்கி, சயனைடு தண்ணீரில் கலந்து, பாட்டிலில் அடைத்து இயந்திரத்தில் உருளவிடுவார்கள். தங்கம் கரைந்து வரும், மற்றது குப்பைக்குப் போகும். அந்தப் பாதி சோதனைக்கு வந்து சேர்ந்த நாளில் அவள் அதை எடுத்துச் சாப்பாட்டு டப்பாவில் வைத்துக்கொண்டு, தட்டில் பக்கத்திலிருந்த வெறும் கல்லை அதன் இடத்தில் வைத்தாள். அதே நிறம், அதே கோடு. வீட்டில் அதைத் துண்டுத் துணியில் சுற்றி அண்ணனின் நெஞ்சில் செருகினாள். சிரிப்புத் திரும்பியது, ஆனால் பாதி. கோகிலன் ஒரு ஜோக்கை ஆரம்பிப்பான், நடுவில் நிறுத்துவான். “ஒரு சீனரும் ஒரு தமிழனும் ஃபெர்ரில ஏறுனாங்களாம், அந்தச் சீனரு சொன்னாராம்...” அவ்வளவுதான். கேட்பவர்கள் முடிவைத் தாங்களே வைத்துக்கொண்டு சிரித்தார்கள். அடுக்குமாடியில் அது ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது. அந்தச் சில வாரங்கள் அந்த வீடு நன்றாக இருந்தது.

வெறும் கல்லில் தங்கம் இல்லை. ஆறு கிராம் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லாமல் போகவே பங்கு விழுந்தது. யாரும் திருட்டைச் சந்தேகிக்கவில்லை, முதல் முடிவைத்தான் சந்தேகித்தார்கள். ஒரு துளையின் மேல் சந்தேகம் வந்தால் அதற்குப் பக்கத்திலேயே, அதே சாய்வில், அதே ஆழத்துக்கு இன்னொரு துளை போட்டுப் பார்ப்பது இந்தத் தொழிலின் வழக்கம். இரட்டைத் துளை என்பார்கள். பயிற்சியில் சேர்ந்த முதல் வாரமே ரமணி அதைப் படித்தாள், பரீட்சையில் நல்ல மதிப்பெண்ணும் வாங்கினாள். கல்லை மாற்றிய அன்று அது அவள் மூளைக்கு எட்டவில்லை.

குகன் ஆரஞ்சுப் பழக்கூடையோடு பாகான் டாலாமுக்கு வந்தார். கோகிலன் அதே பாறையில் அதே மாதிரி சாய்ந்து உட்கார வேண்டும், போக வர வண்டி அனுப்புவோம் என்றார். ரமணி அங்கேயே, பழக்கூடைக்கு மேலாக, உண்மையைச் சொன்னாள். கல்லை மாற்றியது நான்தான், இதோ அண்ணன் நெஞ்சில் இருக்கிறது, எடுத்துக்கொண்டு போங்கள், என்னைப் போலீசில் கொடுங்கள், இன்னொரு துளை வேண்டாம். கோகிலன் சட்டைப் பித்தானைக் கழற்றிக் காட்டினான். குகன் எட்டிப் பார்த்துவிட்டு வருத்தமாகத் தலையசைத்தார்.

“வெளிய போயிட்டு வந்த சாம்பிள் எங்களுக்குக் குப்பை, தங்கச்சி. யார் தொட்டா, எங்க இருந்துச்சுன்னு ஆயிரம் கேள்வி வரும். அத நீங்களே வச்சுக்குங்க. போலீசெல்லாம் வேணாம், பேரு கெட்டுப் போகும். ஆனா இப்ப கண்டிப்பா இன்னொரு துளை போட்டுத்தான் ஆகணும்.”

“மொதல்ல கேட்டப்ப குடுத்திருக்கலாம்ல? அப்ப தங்கம், இப்ப குப்பையா?” என்று ரமணி கத்தினாள். கீழ்மாடிவரை கேட்டது. குகன் ஆமாம் என்றார். அவர் பொய் சொல்லவில்லை, அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

“போகாத அண்ணே.”

கோகிலன் பித்தானைப் போட்டான். “மெஷின் ஓடுனாதான் பசங்களுக்குச் சம்பளம். எல்லாரும் சும்மா ஒக்காந்திருக்கானுங்க. நீ சயின்டிஸ்டுலா, ஒரு ஓட்டைக்குப் போயி...” மீதியை வழக்கம்போல விட்டுவிட்டான். ரமணிக்கு அதை முடிக்கத் தெரியவில்லை. நல்லம்மாள் இரண்டு நாள் சோறு பொங்கவில்லை, மூன்றாம் நாள் அவனுக்கு வழியில் சாப்பிடப் புளிச்சோறு கட்டிக்கொடுத்தாள்.

இரண்டாவது துளை முதல் துளைக்கு நான்கு விரல் தள்ளிப் போயிற்று. இந்தமுறை வளைவைச் சரியாகக் கணித்தார்கள் என்று ஹஸ்ருல் பெருமைப்பட்டான், பிறகு வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். ஆறு நாளில் அறுத்த பாதி எண்ணோடு சோதனைக் கூடத்துக்கு வந்தது. ரமணி தட்டைத் தொட்டதும் கையை எடுத்துக்கொண்டாள். மேற்பார்வையாளர் ரோஹானா அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, நீ வீட்டுக்குப் போ, நான் செய்துகொள்கிறேன் என்று மலாயில் சொன்னாள். கருணையோடுதான் சொன்னாள். ரமணி யோசித்துப் பார்த்தாள். கல்லை மறைத்தால் மூன்றாவது துளை. அவள் செய்யாவிட்டால் ரோஹானா செய்வாள், ரோஹானா செய்யாவிட்டால் ஈப்போ கூடத்தில் வேறு யாராவது, அவர்களுக்கு அது சூடாக இருப்பதுகூடத் தெரியாது. கதவைச் சாத்திக்கொண்டு இயந்திரத்தை ஓடவிட்டாள். தட்டில் ஒட்டிய தூளைத் தூரிகையால் கூட்டி எடுத்தாள், ஒரு பொட்டுக்கூடச் சிந்தவிடவில்லை. முடிவு, டன்னுக்கு ஆறு கிராம். முதல் முடிவு சரி என்று நிரூபணமாயிற்று. பங்கு பழைய இடத்தைத் தாண்டிப் போனது. மறுபாதியைச் சயனைடு பாட்டிலுக்கு அடுத்த மாதம் அனுப்புவதாக முடிவானது.

கல்லை அரைத்த அன்று மாலை அவள் வீட்டுக்கு வந்தபோது கோகிலன் மின்விசிறிக்கு நேராக உட்கார்ந்திருந்தான். துளைகள் இரண்டும் வெவ்வேறு சுருதியில் ஊதிக்கொண்டிருந்தன. அவளைக் கண்டதும் மரியாதையாக எழுந்து நின்றான்.

“வாங்க மிஸ். யாரப் பாக்கணும்? அம்மா உள்ள இருக்காங்க, கூப்புடவா?”

நல்லம்மாள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். மதியமே அவளையும் அவன் யாரென்று கேட்டிருந்தான், அம்மா என்று அவள்தான் சொல்லிக்கொடுத்திருந்தாள். இன்னொரு தட்டைக் கழுவினாள்.

“உங்களத்தான் பாக்க வந்தேன்” என்றாள் ரமணி.

கோகிலன் நகர்ந்து நாற்காலியை அவளுக்கு விட்டான். வந்தவர் சங்கடப்படக் கூடாதென்று, ஒரு சீனரும் ஒரு தமிழனும் ஃபெர்ரியில் ஏறிய கதையை ஆரம்பித்தான். ரமணி உட்கார்ந்து கேட்டாள்.