அவள் கனத்துக்குக் கட்டிய படகு

படகை இரண்டு பேருக்கென்றுதான் கட்டினேன். பெரிய மரத்தைக் குடைந்து, பக்கவாட்டில் ஒரு மிதவைக் கட்டையை இரண்டு குறுக்குக் கம்புகளால் பிணைத்த பாய்மரப் படகு. ஆணி கிடையாது, எல்லாம் கயிற்றுக் கட்டுதான். காற்று ஏறினால் மிதவை தண்ணீரை விட்டு எழும்பும். அப்போது ஒருவர் கம்பின்மேல் நகர்ந்து உட்கார்ந்து அழுத்த வேண்டும். அந்த ஒருவர் என் மனைவி. அவளை உட்காரவைத்துப் பார்த்து, அவள் கனத்துக்கு ஏற்றபடிதான் கம்பை வெட்டினேன்.

"என்னை என்ன எடைக்கல்லுன்னு நெனச்சீங்களா?" என்று முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டாள்.

பிறகு மகளின் பிரசவத்துக்குப் போனாள். பேரன் நடக்கவே ஆரம்பித்துவிட்டான், இவள் திரும்பவில்லை. மகள் வேலைக்குப் போகிறாளாம், பிள்ளையை யார் பார்ப்பது? "நீங்களும் இங்கயே வந்துருங்களேன்" என்றாள் மனைவி. பாதிப் படகை விட்டுவிட்டா? நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். முடிந்ததும் பார்க்க ஓடிவருவாள் என்று மனக்கோட்டை கட்டிக்கொண்டு இழைத்தேன். முடிந்ததும் படம் அனுப்பினேன். "அழகா இருக்குங்க" என்று பதில் வந்தது. அவ்வளவுதான்.

பாய் தைத்துக் கொடுத்தவன் வந்து பார்த்தான். "அண்ணி எடத்துல ஒரு மணல் மூட்டைய வைங்கண்ணே. முணுமுணுக்காம வரும்" என்று சிரித்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் வைத்தேன், வேறு வழி?

கரையோரம் படகு வழுக்கிக்கொண்டு போனது. சற்று உள்ளே போனதும் காற்று ஏறியது.

"நகரு" என்றேன்.

மூட்டை அப்படியே இருந்தது. மிதவை என் முழங்கால் உயரத்துக்கு எழும்பிவிட்டது. அவசரமாகப் பாயை இறக்கினேன். துடுப்புப் போட்டுக் கரைக்கு வரும்வரை அழுதேன். பார்க்க யாருமில்லை, அதனால் அடக்கவும் இல்லை.

கரையிலிருந்தே அவளுக்குப் போன் போட்டேன்.

"நீ இல்லாம ஓடலடி."

அந்தப் பக்கம் பேரன் எதையோ தட்டும் சத்தம் கேட்டது.

"குறுக்குக் கம்ப நீளமாப் போட்டு, மிதவைய இன்னும் தள்ளிக் கட்டுங்க" என்றாள் மெதுவாக. "தனியாப் போறதுக்கு அதுதாங்க சரி."

படகைப் பற்றி அவள் சொன்னது எதுவும் தப்பானதில்லை. கட்டுகளை அவிழ்க்க உட்கார்ந்தேன்.