ஹாஜியார் பிடித்த கை

சங்கத் தலைவர் மீராசா ஹாஜியாரின் பெயரை ஒரே மூச்சில் சொல்லி முடித்தவர் கல்முனையில் எவருமில்லை. முன்னால் அல்ஹாஜ், தேசகீர்த்தி, சாமஸ்ரீ, பின்னால் ஜே.பி. ஒவ்வொரு பட்டமும் ஒரு பொன்னாடையோடு வந்தது. பொன்னாடைகள் ஓர் அலுமாரியை அடைத்திருந்தன. அவற்றுக்குப் பூச்சியுருண்டை போடுவது மனைவி கைருன்னிஸாவின் வேலை.

அந்தக் கைருன்னிஸாதான், சீனி வருத்தத்துக்கு நடக்கப் போறன் என்று சொல்லிவிட்டு, ஐந்து மாதமாகச் சனிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு சங்க மண்டப மேல்மாடியில் கராத்தே பழகிக்கொண்டிருந்தாள். வாய்விட்டுக் கத்துவதற்கும் உலகத்தில் ஓர் இடம் இருக்கிறதென்பதை நாற்பத்தொன்பது வயதில் அவள் கண்டுபிடித்திருந்தாள்.

இப்போது அந்த இடத்துக்குத்தான் ஆபத்து. மண்டபச் சாவியைத் திருப்பி வாங்கத் தலைவரே வந்துவிட்டார்.

செயலாளர் ஜெஸீமைப் படிக்கட்டின் கீழே நிறுத்திவிட்டு ஏறிவந்த ஹாஜியார் பேசத் தொடங்கினார். இருபத்திரண்டு பெண்களும் வரிசை வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கைருன்னிஸா கடைசி வரிசையில், கூட்டாளி உம்முவின் அகன்ற முதுகுக்குப் பின்னால், கண் மட்டும் தெரிய முகத்தை மூடியிருந்தாள்.

"உங்களப் பாதுகாக்க நாங்க இரிக்கம். நீங்க ஏன் கஷ்டப்படுற?" என்று ஆரம்பித்த பேச்சில் 'நான்' வந்த அளவுக்குப் பெண்கள் வரவில்லை.

"ஒருக்காப் பாத்துட்டு முடிவெடுங்களன் ஹாஜியார்" என்றாள் பயிற்சி கொடுக்கும் பஸ்மினா. வரிசையிலிருந்து இரண்டு பெண்பிள்ளைகள் எழுந்து, பிடித்த கையை எப்படி விடுவிப்பதென்று செய்து காட்டினார்கள்.

ஹாஜியார் சிரித்தார். "இது பொம்புள புடிச்ச புடி. ஆம்புள புடிச்சா? நானே புடிச்சுக் காட்டலாம். ஆனா அந்நியப் பொம்புளட கையத் தொட ஏலாதே! அப்ப நிரூபிக்க ஏலா. நிரூபிக்க ஏலாட்டி சாவியத் தாங்க."

வாதம் நாலு பக்கமும் பூட்டியிருந்தது. அதன் அழகில் அவரே மயங்கித் தாடியைத் தடவினார்.

பேசாமல் இருந்தால் கைருன்னிஸாவின் குட்டு வெளிப்படாது; சனிக்கிழமை போய்விடும். அவள் எழுந்து முகத்துணியைத் தூக்கினாள்.

"என்ட கையத் தொடலாம்தானே?"

உம்மு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"கைருன்... நீ நடக்கப் போகல்லயா?"

"நடந்துதான் இஞ்ச வாற. புடிங்க. நான் விடுவிச்சா சாவி இவங்களுக்கு."

இருபத்தொரு பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது தேசகீர்த்தி பின்வாங்க முடியுமா? "இருபத்தாறு வருஷமாப் புடிச்ச கைதானேகா" என்று, தேர்தல் காலத்து வேட்பாளர் மாதிரி இறுக்கிப் பிடித்தார்.

அவள் அவருடைய பெருவிரல் பக்கமாக முறுக்கினாள். கை வந்துவிட்டது. அத்தோடு நின்றிருக்க வேண்டும். ஆனால் ஐந்து மாதம் பழகிய உடம்பு ஹாஜியாருக்காக நிற்குமா? விடுபட்ட கை அவர் சட்டையைப் பற்றியது; இடுப்பு தானாகக் கீழே போய் நிமிர்ந்தது. தேசகீர்த்தியும் சாமஸ்ரீயும் ஒன்றாக ஆகாயத்தில் வட்டம் போட்டு, விழுந்து பழகுவதற்காகச் சம்மாந்துறை மில்லில் இருந்து கொண்டுவந்த உமிச் சாக்குகளில் போய் இறங்கினார்கள். ஒரு சாக்கு வெடித்தது.

"அல்லாஹ்! அடிபட்டிச்சா?" கைருன்னிஸா ஓடினாள்.

தாடி முழுக்க உமி. கீழேயிருந்து ஜெஸீம் கத்தினான்: "தலைவர்! என்ன சத்தம்? மேல வரட்டா?"

"வராத!" ஹாஜியார் படுத்தபடியே அலறினார். "விழுறது எப்பிடியெண்டு இவங்களுக்குப் படிப்பிச்சுக் குடுக்கன்!"

அவ்வளவுதான். உம்மு முதலில் சிரித்துவிட்டாள். பிறகு மண்டபமே சிரித்து உருண்டது. ஹாஜியார் மூன்று தும்மல் தும்மினார். மூன்றாவதில் அவர் வாயோரம் சிரிப்பில் துடித்ததைக் கைருன்னிஸா மட்டும் கண்டாள்.

"சாவிய வெச்சிக்கங்க" என்று முனகினார். "ஆனா இத ஆருக்கிட்டயும் கதைக்கப்படா."

"கதைக்கமாட்டம்!" என்றார்கள் இருபத்திரண்டு பேரும், அடிவயிற்றிலிருந்து, பஸ்மினா பழக்கிய அதே குரலில். கீழே பஸாரில் மீன் வாங்கிக்கொண்டிருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.