ஹெஸ்டர் வீட்டு ஜன்னல் திரை

எங்கள் கானிங் தெருவில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் வாசலறை ஜன்னலின் சுருள்திரையைப் பகலிலும் இறக்கியே வைப்பார்கள். யாரும் வாயைத் திறந்து சொல்ல வேண்டியதில்லை. அடக்கம் முடிந்ததும் திரை மேலே போய்விடும். ஆனால் பிரான்சுச் சேற்றில் கிடப்பவனுக்கு இங்கே இங்கிலாந்தில் என்ன அடக்கம்? ஆகவே போரில் செத்தவனுக்கு ஒரு வாரம் என்று நாங்களே ஒரு கணக்கு வைத்துக்கொண்டோம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினாறு ஜூலையில் எங்கள் ஊர்ப் பட்டாளம் ஒரே காலையில் அழிந்தது. ஒரே தெருப் பையன்கள் ஒரே வரிசையில் நிற்கலாம் என்று ஆசைகாட்டித்தான் காலாட்படைக்கு ஆள் சேர்த்தார்கள். சொன்ன சொல் தவறவில்லை. விழும்போதும் ஒரே வரிசையாகத்தான் விழுந்தார்கள். அந்த மாதம் எங்கள் தெரு பகலெல்லாம் கண்ணை மூடிக் கிடந்தது. எங்கள் வீட்டுத் திரையும் இறங்கியது. அதைப் பற்றிப் பேச மாட்டேன். அடுத்த வீட்டு விஷயம்தான் எனக்குச் சரளமாக வரும்.

ஹெஸ்டர் கிரிம்ஷா வீட்டுத் திரை மட்டும் இறங்கவில்லை. அவளுக்குப் புருஷன் இல்லை. வில்ஃப் ஒரே பிள்ளை. அவனைக் ‘காணவில்லை’ என்றுதான் அரசாங்கக் கடிதம் சொன்னது. தெருமுனையில் ஹாவொர்த் ஒரு பலகை மாட்டியிருந்தார். கடைகளுக்குப் பெயர் எழுதிப் பிழைத்த கிழவர் அவர். பட்டாளத்துக்குப் போன எங்கள் பையன்களின் பெயர்களை வரிசையாக எழுதியிருந்தார். செத்தவன் பெயருக்குப் பக்கத்தில் ஒரு கறுப்புச் சிலுவை. இலையுதிர்காலம் வந்தபோது வில்ஃப் பெயர்தான் சிலுவை இல்லாமல் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது.

“காணோமாம்ல, காணோம்!” என்பாள் எதிர்வீட்டு ஏடா எண்ட்விசில். “எம் பையன் மட்டும் என்ன, கண்ணு முன்னாடியா நிக்கறான்?”

“விடுடி. அவ நம்பிக்கிட்டிருந்தா உனக்கென்ன நஷ்டம்?” என்பேன் நான்.

“நஷ்டந்தான். அந்த ஜன்னல்ல வெயில் அடிக்கறதப் பாத்தாலே எனக்கு வயிறு எரியுது.”

அவள் சொல்லிவிட்டாள், நாங்கள் சொல்லவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

ஒருநாள் ஹெஸ்டரிடம் நேராகவே கேட்டேன். கேட்காமல் இருக்க என்னால் முடியாது.

“இன்னும் எத்தன நாளைக்கு, ஹெஸ்டர்?”

“நான் இறக்கினாத்தான் அவன் செத்தவன்,” என்றாள். “நான் இறக்க மாட்டேன்.”

விடியுமுன்பே, இருட்டோடு, திரையை மேலே ஏற்றிவிட்டுத்தான் அவள் ஊர்க்கோடி நெசவாலைக்குக் கிளம்புவாள். தேவாலயத்துக்குப் போகாத நாள் உண்டு, திரையை ஏற்றாத நாள் கிடையாது. முழங்கால் மடங்காமல் வேலையை விட்டவள் நான். எனக்கு ஜன்னல்தான் ஆலை. அதனால் இதெல்லாம் தெரியும்.

நவம்பரில் ஒரு நாள், பொழுது விடிந்து பார்த்தால் ஹெஸ்டர் வீட்டுத் திரை அடிவரை இறங்கியிருந்தது.

ஏடா வாரிச் சுருட்டிக்கொண்டு ஓடி வந்தாள். “பாத்தியா? கடிதாசு வந்துடுச்சு!”

போய்க் கதவைத் தட்டினோம். திறக்கவில்லை. உள்ளே உட்கார்ந்து அழுகிறாள், தொந்தரவு செய்யக் கூடாது என்று முடிவு கட்டினோம். தபால்காரர் தெருவுக்குள் வந்தாரா என்று ஒருவரும் கேட்கவில்லை. நான் கேட்காமல் விட்ட கேள்விகள் இந்தத் தெருவில் அதிகம் இல்லை, இது ஒன்று.

மத்தியானத்துக்குள் ஹாவொர்த் தூரிகையோடு வந்து சிலுவையைப் போட்டுவிட்டார். ஏடா எங்கிருந்தோ பன்றித்தொடை ஒன்று பிடித்து வந்து, எங்கள் ஊர்ச் சாவுச் சாப்பாடாக வேகவைத்தாள். மாதக்கணக்காக அவள் முகத்தில் அப்படி ஒரு கனிவை நான் பார்த்ததில்லை. “பாவம்டி அவ. இனிமே நம்மள்ல ஒருத்தி,” என்றாள்.

சாயங்காலம் கறுப்பு உடுத்து, கறித் தட்டும் தேநீர்ப் பாத்திரமுமாக ஹெஸ்டர் வீட்டு வாசலில் கூடி நின்றோம். மூடுபனி. ஆலைவிட்டு வருகிறவர்களின் கட்டைச் செருப்புச் சத்தம் தெருவில் நுழைந்தது. அதில் ஒரு ஜோடி எங்களைப் பார்த்ததும் நின்றது. ஹெஸ்டர்! உள்ளே அழுதுகொண்டிருக்க வேண்டியவள், தலைமுடியில் பஞ்சுத்தூசியோடு தெருவில் நின்றாள்.

கறுப்பு உடைகளைப் பார்த்தாள். தட்டைப் பார்த்தாள்.

“கடிதாசு எப்ப வந்துச்சு?” என்றாள். “யாரு வாங்கினீங்க?”

“உனக்கில்ல வந்துச்சு?” என்றாள் ஏடா. “திரைய இறக்கிட்டியே...”

ஹெஸ்டர் கதவைத் திறந்து விளக்கேற்றினாள். திரையைச் சுருட்டிப் பிடிக்கும் ஸ்பிரிங் அறுந்து தொங்கியது. விடிகாலையில் அவள் ஏற்றிவிட்டுப் போன திரை, பின்னால் தானாக விழுந்திருக்கிறது.

தட்டை எங்கே ஒளிப்பது என்று ஏடாவுக்குத் தெரியவில்லை.

“ஐயோ, மன்னிச்சுடு கண்ணு. ஹாவொர்த் இப்பவே வந்து மாட்டிக் குடுத்துடுவார். எண்ணி அஞ்சு நிமிஷம்,” என்றாள்.

ஹெஸ்டர் நாற்காலியில் உட்கார்ந்தாள். “ஒங்களப் பாத்ததும் செத்துட்டான்னு நெனச்சேன்,” என்றாள். “விழுந்துடுவேன்னுதான் இத்தன நாளும் பயந்துக்கிட்டிருந்தேன். விழல. நின்னுக்கிட்டுத்தான் இருந்தேன்.”

பிறகு ஏடாவைப் பார்த்து, “கறிய ஏன் கையிலயே வச்சிருக்க? அறுடி,” என்றாள்.

அறுத்தோம். தின்றோம். யாரும் பேசவில்லை. எங்கள் தெருவில் அது பெரிய விஷயம்.

மறுநாள் விடியுமுன் ஹாவொர்த் லாந்தரும் எண்ணெய்த் துணியுமாகப் பலகையின் முன்னால் வந்து நின்றார். யாரும் பார்ப்பதற்குள் சிலுவையை அழித்துவிடலாம் என்று நினைத்திருப்பார். நான் திரை ஓரத்தை விலக்கி, ஜன்னலையும் கொஞ்சம் தூக்கி வைத்துக்கொண்டேன்.

வேலைக்குப் போகிற ஹெஸ்டர் அவர் பக்கத்தில் நின்றாள்.

“அழிக்காதீங்க.”

“கடிதாசு வரலியேம்மா.”

“வந்து புதுசா என்ன சொல்லப்போவுது? நீங்க தேச்சா பக்கத்துப் பேரும் கலைஞ்சிடும். பாவம், அந்தப் பையன்.”

பக்கத்துப் பெயர் எங்கள் ஜோ.

ஹாவொர்த் துணியைப் பைக்குள் திணித்தார். “சரி, ஒங்க ஜன்னல் ஸ்பிரிங்க இன்னிக்கே மாத்திடவா?”

“இன்னிக்கு வேணாம்,” என்றாள் ஹெஸ்டர். “ஒரு வாரம் போவட்டும்.”

செருப்புச் சத்தம் தெருமுனை தாண்டி ஓய்ந்தது. அன்று என் வீட்டுத் திரையை ஏற்ற எனக்கு வெகு நேரமாயிற்று.