ஒரு பிஸ்டனும் இரண்டு வண்டியும்

சகாயத்தின் வாய்வரை வந்த கெட்ட வார்த்தைகளெல்லாம் பல்லுக்குப் பின்னாலேயே நின்றன. எதிரே தன் பைக்கில் சாய்ந்து நின்ற மெக்கானிக் ஜெனின், சகாயத்தின் மனைவி லீமாவின் கூடப்பிறந்த தம்பி.

"நாளைக்கு வந்துரும் அத்தான்," என்று இளித்தான் ஜெனின்.

"எத்தன நாளைக்குலே?"

வரவேண்டியது ஒரு பிஸ்டன். சகாயத்தின் பழைய பைக்கைக் கம்பெனியே கைவிட்டுப் பல வருஷமாயிற்று. தேய்ந்த சிலிண்டரைக் கடைந்தால் துளை அகலும். அதற்குப் பெரிய பிஸ்டன் வேண்டும். அதனால் பிஸ்டனை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டுதான் புத்தியுள்ள எவனும் லேத் பட்டறைக்குப் போவான். இந்த மகராசன் முதலிலேயே கடைந்துவிட்டு வந்து நாளைக்கு, நாளைக்கு என்கிறான்!

ராஜாக்கமங்கலத்தில் பைக்கில் ஏற்றுகிற சாளை மீனும் அயிலை மீனும் தோவாளைப் பக்கத்து வீடுகளில் உலை வைக்கும் முன்னே போய்ச் சேரவேண்டும். அந்த வீடுகள்தான் சகாயத்தின் பிழைப்பு. அன்று காலையில், அங்கே வாடிக்கையாக மீன் வாங்கும் லட்சுமிப்ரியா போனில் கேட்டாள். "இன்னைக்கும் வரமாட்டியளா? டெம்போவுல ஒருத்தன் வாறான். இனி அவங்கிட்டயே வாங்கிக்கிடட்டா?"

வீட்டில் வாயைத் திறக்கமுடியாது. "எந்தம்பியச் சொன்னா எனக்குக் கெட்ட கோவம் வரும், பாத்துக்கிடுங்க," என்பாள் லீமா.

சிலிண்டரைச் சாக்கில் சுற்றிக்கொண்டு சகாயமே பஸ் ஏறினான். நாகர்கோவிலில் கடை கடையாகக் கையை விரித்தார்கள். ஒருவன் வேறு ஏதோ வண்டியின் பிஸ்டனை எடுத்து நீட்டி, "கொஞ்சம் தேச்சா உள்ள கேறும்," என்றான்.

"எஞ்செருப்பத் தேச்சாலும் கேறும். போட்டு ஓட்டட்டா?"

மார்த்தாண்டத்தில் பழைய சாமான் கடை வைத்திருந்த தங்கையன் மட்டும் சிலிண்டரை அளந்து பார்த்து, ஊரையும் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தார். "இந்த சைஸ் ஒண்ணே ஒண்ணு கெடந்துது. ஒங்க ஊரு மெக்கானிக் ஜெனின் வந்து கொண்டுபோனானே. ஒரே மாதிரி ரெண்டு வண்டியாம், ரெண்டு சிலிண்டரையும் ஒண்ணாக் கடைஞ்சுட்டானாம். ரெண்டு கேட்டான். நான் எங்க போவேன்?"

அதே மாடல் வண்டிதான் ஜெனினிடமும். போன மாசம்வரை புகை கக்கிக்கொண்டு கிடந்த அது, இப்போது பட்டுப்போல ஓடுகிறது. நாசமாய்ப் போகிறவன்!

வீடு திரும்பியபோது ஜெனின் முற்றத்தில் பைக்கை நிறுத்திவிட்டு, அக்கா கொடுத்த கட்டன்சாயாவைக் குடித்துக்கொண்டிருந்தான்.

"ஏலே! ஒன் வண்டியில ஓடுறது எவன் பிஸ்டன்லே?" அடக்கிவைத்த அத்தனையும் ஒன்றாக வெடித்தது. தங்கையன் சொன்னதைத் தெருவே கேட்கும்படி சொன்னான்.

"லேத்துக்கு ரெண்டு தடவ அலையாண்டாமேன்னுதான்..." என்றான் ஜெனின். "ஒண்ணுதானே கெடைச்சுது. அடுத்தது வரும்லா, அத்தானுக்குப் போட்டுரலாம்னு..."

சகாயம் வழக்கமான சண்டைக்குத் தயாராக லீமாவைத் திரும்பிப் பார்த்தான். அவள் உள்ளே போனாள். காலியாகக் கிடந்த மீன்பெட்டியைத் தரதரவென்று இழுத்துவந்து, தம்பியின் பைக் சீட்டில் ஏற்றிக் கயிற்றால் இறுக்கிக் கட்டினாள்.

"அக்கா! மீன்நாத்தம் போவாதுக்கா!"

"சாவியத் தாலே."

அவள் நின்ற நிலையைப் பார்த்து ஜெனின் சாவியைக் கொடுத்தான். அவள் அதைப் புருஷன் கையில் வைத்தாள்.

"அப்ப எனக்கு வண்டி?" ஜெனின் பைக்கின் ஹேண்டிலைப் பிடித்தான். "எப்ப திருப்பித் தருவிய?"

லீமா சாயா கிளாஸைப் பிடுங்கிக்கொண்டாள். "நாளைக்கு வந்துரும் மக்கா," என்றாள்.