மூன்றாவது புகார்

பதிவாளருக்கு அந்தப் புகாரை எழுதியது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்தால் என் மேலேயே எனக்கு எரிச்சல் வருகிறது.

பல்கலைக்கழகம் ஓராண்டுக்கு ஒரு சிற்பியை வளாகத்தில் தங்க வைத்திருந்தது. மாணவர்களோடு சேர்ந்து ஏதாவது செய்ய வேண்டும் என்று ஏற்பாடு. கணிதத் துறைக்குப் பின்னால் இருந்த பழைய சைக்கிள் கொட்டகையை ஒதுக்கிக் கொடுத்தார்கள், சரியாக என் ஜன்னலுக்குக் கீழே. நாள் முழுக்கத் தகரத்தைத் தட்டித் தட்டி வளைப்பார். மாணவர்கள் அவருக்குச் 'சுத்தியல் அக்கா' என்றே பேர் வைத்துவிட்டார்கள்.

சத்தத்தைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். என் வகுப்பில் கடைசி பெஞ்சில் கொட்டாவி விடும் கூட்டம், அங்கே தகரத்தில் சாக்பீஸால் கோடு போட்டு, எந்த வளைவு எங்கே திரும்பும் என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தது. இருபத்திரண்டு வருஷமாக நான் தொண்டைத் தண்ணி வற்றக் கத்திய பாடம் அது. எனக்கு வயிறு எரிந்தது. உண்மை அவ்வளவுதான்.

புகாரில் சத்தம் என்றேன், தூசி என்றேன், போதாததற்கு மாணவர்களின் படிப்பு கெடுகிறது என்றும் எழுதினேன். அந்தக் கடைசி ஒன்று சுத்தப் பொய். கையெழுத்துப் போட்டு, என் பெயரை வெளியே சொல்ல வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டேன்.

நான்கு நாள் கழித்து அந்தச் சிற்பியே என் அறைக்கு வந்தார். முழங்கை வரை துரு.

"சார், யாரோ என்மேல கம்ப்ளெய்ன்ட் குடுத்திருக்காங்க. சத்தமாம், தூசியாம். பதிவாளர் போன்ல சொன்னாரு. வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் குடுக்கலன்னா கொட்டகையக் காலி பண்ணணுமாம். எனக்குத் தகரம் வளையும், எழுத்து வளையாது. கொஞ்சம் எழுதித் தர்றீங்களா? இங்க எனக்குத் தெரிஞ்ச மனுஷன் நீங்க ஒருத்தர்தான்."

இரண்டு தடவை டீ வாங்கிக் கொடுத்திருக்கிறேன். எங்கள் சிநேகம் அவ்வளவுதான்.

எந்த முகத்தோடு மாட்டேன் என்பது? எழுத உட்கார்ந்தேன். உள்ளுக்குள் உறுத்த உறுத்தக் கை நின்றபாடில்லை. தட்டும் நேரத்தை மாற்றிக்கொள்ளலாம், தண்ணீர் தெளித்தால் தூசி அடங்கும் என்று எழுதினேன். அதோடு விட்டேனா? மாணவர்களின் படிப்பு கெடவில்லை, கொட்டகைக்குப் போகிற பதினொரு பேருக்கும் வடிவியலில் மதிப்பெண் ஏறியிருக்கிறது என்றும் எழுதினேன். விடைத்தாள் திருத்தியவனே நான்தானே.

அவர் நின்றபடியே படித்தார். கடைசிப் பத்தியில் விரல் நின்றது.

"படிப்பு கெடுதுன்னு யாரும் என்கிட்ட சொல்லலியே சார். உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான்தாங்க எழுதினேன்," என்றேன்.

அவர் அந்தக் கடைசிப் பத்தியை இன்னொரு தடவை படித்தார். பிறகு, "புள்ளைங்களுக்கு மார்க் ஏறினது நிஜமா?" என்று கேட்டார்.

"நிஜம்."

"அப்ப அது இருக்கட்டும். கீழ நீங்களும் ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுங்க."

இதே கையெழுத்துப் போட்ட இன்னொரு தாள் பதிவாளரின் மேசையில் கிடந்தது. போட்டுக் கொடுத்தேன்.

கொட்டகை தப்பியது. பதிவாளர் என்னைக் கண்டால் ஒரு மாதிரி சிரிக்கிறார், சிரித்துவிட்டுப் போகட்டும். ஆனால் நான் அறைக்கு வந்து ஜன்னலைத் திறந்ததும் கீழே சுத்தியல் நின்றுவிடுகிறது. வகுப்புக்குக் கிளம்பினால் மறுபடி தொடங்குகிறது. அந்த அமைதியில் என்னால் ஒரு வரி படிக்க முடியவில்லை.

ஒருநாள் பொறுக்க மாட்டாமல் இறங்கிப் போனேன். மாணவர்கள் சாக்பீஸும் கையுமாகச் சும்மா நின்றிருந்தார்கள்.

"தட்டுங்க. எனக்கு ஒரு தொந்தரவும் இல்ல," என்றேன்.

"பரவால்ல சார்," என்றார் அவர். "நீங்க வேலைய முடிங்க. நாங்க காத்திருக்கோம்."